டிப்பர் டிரெய்லர் இழுக்கப் பழைய லாரி: அறிகுறியிலிருந்து குறையைத் தேடும் வழிமுறை

பழைய இழுவை லாரி ஒன்றை வாங்கி, அதன் பின்னால் டிப்பர் டிரெய்லரைக் கோத்துத் தானே ஓட்டிச் சம்பாதிக்க நினைப்பவர், வண்டி பார்க்கப் போனதும் முதலில் கிலோமீட்டரைப் பார்க்கிறார், பிறகு பெயின்ட்டைப் பார்க்கிறார். ஜல்லியும் மண்ணும் ஏற்றிக் கொட்டும் வேலையில் வண்டியைப் படுக்க வைப்பவை வேறு: சேஸ், பின் அச்சுகள், ஹைட்ராலிக் அமைப்பு, நின்ற இடத்தில் ஓடியே தேய்ந்த இன்ஜின். வாங்கும் முன் பார்த்துச் சொல்ல அழைக்கப்பட்ட இடங்களிலும், வாங்கிய மறுமாதமே பழுது பார்க்க அழைக்கப்பட்ட இடங்களிலும் நான் திரும்பத் திரும்பக் கண்டவை இந்த நான்கைச் சுற்றியே இருந்தன.

கீழே உள்ள ஒவ்வொரு தலைப்பும் ஓர் அறிகுறி. அதன் கீழ், செலவு குறைந்த காரணத்தில் தொடங்கிச் செலவு மிகுந்த காரணம் வரை வரிசையாகச் சொல்லியிருக்கிறேன்; எந்தக் காரணம் பொருந்துகிறதோ அங்கேயே நின்றுகொள்ளலாம். பழைய வண்டி என்றால் குறை இருக்கத்தான் செய்யும். வரிசையின் தொடக்கத்தில் முடிகிற குறை விலை பேச உதவும். கடைசியில் முடிகிற குறைக்கு வண்டியை விட்டுவிட்டு வருவதே சரி.

கையில் டார்ச், சிறு கண்ணாடி, அளவு நாடா, கம்பி பிரஷ், சாக்பீஸ், சோப்புத் தண்ணீர், நெம்புகோல், ஆயில் மாதிரி எடுக்க இரண்டு சுத்தமான பாட்டில்கள் ஆகியவை போதும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்காமல் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. தூக்கிய டிப்பர் பெட்டிக்கு உறுதியான முட்டு இல்லாமல் அதன் கீழே தலையை நீட்டவே கூடாது. நீங்கள் வந்து சேரும் வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள்.

## போய்ச் சேரும்போதே இன்ஜின் சூடாக இருக்கிறது

விற்பவர் வண்டியை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவதற்காக ஓட்டியிருக்கலாம், அது குற்றமில்லை. பேட்டரி பலவீனமாக இருப்பதால் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கலாம். குளிர்ந்த நிலையில் வரும் வெண்புகையையோ தட்டும் சத்தத்தையோ மறைப்பதற்காகவும் செய்திருக்கலாம். எது என்று ஊகித்துக்கொண்டிருப்பதைவிட, மறுநாள் காலை வருவதாகச் சொல்லித் திரும்புவது நல்லது. மறுநாளும் சூடாகவே இருந்தால் அந்த வண்டியைப் பற்றி மேலும் யோசிக்க வேண்டியதில்லை.

## குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கிறது

இன்ஜின் மெதுவாகச் சுற்றுகிறதா, வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

மெதுவாகச் சுற்றினால் பேட்டரி முனைகளில் படிந்த உப்பு, தளர்ந்த எர்த் கேபிள், பழைய பேட்டரி, கடைசியாக ஸ்டார்ட்டர் மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். இவற்றில் எதுவும் வண்டியை ஒதுக்கக் காரணமாகாது.

வேகமாகச் சுற்றியும் பிடிக்கத் தாமதமானால் டீசல் பக்கம் திரும்ப வேண்டும். ஃபில்டர் சரியாக இறுகாதது, டீசல் குழாயில் காற்று புகுவது, இரவு முழுவதும் டீசல் டேங்குக்கே திரும்பி வடிந்துவிடுவது ஆகியவை எளிய காரணங்கள். நிறுத்தி இருபது நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் உடனே பிடிக்கிறது, மறுநாள் காலையில் மட்டும் தகராறு செய்கிறது என்றால் பெரும்பாலும் இந்த வடிதல்தான். சூடான நிலையிலும் நீண்ட நேரம் சுற்ற வேண்டியிருந்தால் இன்ஜெக்டர்கள் உள்ளுக்குள் கசிவதையோ உயரழுத்தப் பம்ப் தேய்ந்திருப்பதையோ சந்தேகிக்கலாம். அதை அளந்து பார்க்க டீசல் பம்ப் வல்லுநரை அழைக்க வேண்டும்.

## புகை வருகிறது

கருப்புப் புகை என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகமாகப் போகிறது. ஏர் ஃபில்டர், டர்போவிலிருந்து (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) இன்டர்கூலருக்குப் (அந்தக் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) போகும் ரப்பர் குழாயும் அதன் கிளாம்பும், இன்டர்கூலரில் வெடிப்பு, இன்ஜெக்டர், டர்போ என்ற வரிசையில் பாருங்கள். குழாய் இணைப்பைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டியிருந்தால் அங்கே காற்று கசிகிறது.

வெண்புகை குளிர்ந்த இன்ஜினில் சில நிமிடம் வந்து நின்றுவிட்டால், எரியாத டீசல் என்று விட்டுவிடலாம். சூடேறிய பிறகும் நிற்காமல், இனிப்பான வாடையும் சேர்ந்திருந்தால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) எரிகிறது. கூலன்ட் பகுதிக்குப் போங்கள். நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். நெடுநேரம் ஐடிலில் (வண்டி நகராமல் இன்ஜின் மட்டும் ஓடும் நிலையில்) நின்று கிளம்பும்போது மட்டும் வந்தால் டர்போ சீல் அல்லது வால்வு சீல், பாரத்தோடு ஏறும்போது தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங்.

புகைக்குழாயில் டீசல் துகள் ஃபில்டர் பொருத்திய வண்டி என்றால் எந்தப் புகையும் வெளியே தெரியக் கூடாது. அப்படிப்பட்ட வண்டியின் குழாய் முனை உட்புறம் கரியாக இருந்தால் ஃபில்டர் உடைந்திருக்கிறது அல்லது உள்ளே இருந்ததை யாரோ எடுத்துவிட்டார்கள்.

## ஆயில் மூடியைத் திறந்தால் காற்று வீசுகிறது

இன்ஜின் சூடேறி ஐடிலில் ஓடும்போது, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, தலைகீழாக அந்த வாயிலேயே வையுங்கள். மூடி லேசாக அதிர்வது இயல்பு. துள்ளிக் கீழே விழுந்தாலோ, புகை தொடர்ந்து பீறிட்டாலோ கிரான்க் கேஸில் (இன்ஜினின் அடிப்பகுதிக் கூட்டில்) அழுத்தம் கூடியிருக்கிறது.

அந்த அழுத்தத்தை வெளியே விடும் பிரீதர் ஃபில்டர் அடைபட்டிருப்பதுதான் மலிவான காரணம். அதை மாற்றிவிட்டு மீண்டும் பார்க்கலாம். அடுத்து, பிரேக்குக்குக் காற்று தரும் ஏர் கம்பிரசரின் ரிங் தேய்ந்து அதன் காற்று இன்ஜினுக்குள் வரலாம். டர்போ சீல் வழியாகவும் வரலாம். இவை இரண்டும் வெளியில் பொருத்திய பாகங்கள் என்பதால் தாங்கக்கூடிய செலவுதான். கடைசிக் காரணம் இன்ஜினின் லைனரும் பிஸ்டன் ரிங்கும் தேய்ந்திருப்பது. அழுத்தத்தைக் கருவி கொண்டு அளந்து, அந்த இன்ஜினுக்கு உற்பத்தியாளர் சொல்லும் வரம்போடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். மூடி துள்ளியதை வைத்து நான் ஒருமுறை அவசரப்பட்டு இன்ஜின் போய்விட்டது என்று சொல்லியிருக்கிறேன். குற்றவாளி கம்பிரசர் என்று பிறகுதான் தெரிந்தது.

ஆயில் மாதிரியை இந்தக் கட்டத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வகத்தில் சோடியம் அல்லது பொட்டாசியம் கூடுதலாகத் தெரிந்தால் கூலன்ட் கலக்கிறது. ஈயமும் தாமிரமும் கூடினால் பேரிங்குகள் தேய்கின்றன. சிலிக்கான் கூடினால் தூசி உள்ளே போகிறது. கல்குவாரியில் ஓடிய வண்டிக்குக் கடைசியாகச் சொன்னதை முதலில் பாருங்கள், ஏனெனில் ஓட்டையான ஏர் குழாயோடு தூசியில் ஓடிய இன்ஜின் வெளியே ஒன்றும் காட்டாமல் உள்ளே அரைபட்டிருக்கும். மாதிரி எடுக்கும் முன் ஆயில் எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள். நேற்று மாற்றிய ஆயில் எதையும் சொல்லாது.

## கூலன்ட் குறைகிறது, ஆனால் கீழே சொட்டு இல்லை

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். குளிர்ந்த நிலையில் திறந்து, பிறகு ஸ்டார்ட் செய்து, மேல் தொட்டியில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள்.

மூடியின் ரப்பர் கெட்டுப்போய் ஆவியாக வெளியேறுவது முதல் காரணம். குழாய் கிளாம்புகளும் வாட்டர் பம்பின் கசிவுத் துளையும் அடுத்தவை. காய்ந்த கூலன்ட் வெள்ளையாகவோ நிறப்பொடியாகவோ படிந்திருக்கும். வெளியே எங்கும் தடம் இல்லையென்றால், புகையைத் திருப்பி விடும் ஈ.ஜி.ஆர். கூலர் உள்ளுக்குள் ஓட்டையாகி, கூலன்ட் புகையோடு போய்க்கொண்டிருக்கலாம். தொட்டியில் குமிழிகள் நிற்காமல் வந்தாலோ, மூடியைப் போட்ட பிறகு இன்ஜின் இன்னும் சூடேறாத நிலையிலேயே மேல் குழாய் கல்லாக இறுகினாலோ, சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்டுக்குள் தள்ளப்படுகிறது. அதற்குக் காரணம் ஹெட் கேஸ்கெட், வெடித்த ஹெட், லைனர் சீல் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம். ஏர் கம்பிரசரின் ஹெட்டும் கூலன்டில் குமிழி விடும் என்பதால், இன்ஜினைப் பிரிக்கச் சொல்லும் முன் கம்பிரசரின் கூலன்ட் இணைப்பைத் தனியாக்கிப் பார்க்கும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் பாலாடைபோல் வெளுத்திருந்தால் இன்ஜினை மேற்கொண்டு ஓட விடாதீர்கள். அந்த வண்டியை வாங்குவதாக இருந்தால் இன்ஜின் முழு வேலையின் செலவையும் கழித்துத்தான் விலை பேச வேண்டும்.

## டாஷ்போர்டில் விளக்கு எதுவுமே எரியவில்லை

இது நல்ல செய்தியாகத் தோன்றும். சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிந்து அணைய வேண்டும். ஒன்று மட்டும் எரியவில்லையென்றால் பல்பு போயிருக்கலாம், கழற்றப்பட்டும் இருக்கலாம். எல்லாம் சரியாக எரிந்து அணைந்தாலும், வண்டியின் கணினியில் பதிவான பழுதுக் குறியீடுகள் அன்று காலைதான் அழிக்கப்பட்டனவா என்பதை ஸ்கேனர் போட்டால்தான் அறிய முடியும். வண்டியின் சுய சோதனைகள் இன்னும் முடியவில்லை என்று காட்டினால் அண்மையில் அழித்திருக்கிறார்கள். குறைந்தது ஒரு மணி நேரமாவது பாரத்தோடு ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.

ஸ்கேனரில் நான் முதலில் கேட்பது மூன்று எண்கள்: இன்ஜின் ஓடிய மொத்த மணிநேரம், அதில் ஐடிலில் கழிந்த மணிநேரம், பி.டி.ஓ. (இன்ஜின் விசையை ஹைட்ராலிக் பம்புக்குக் கொடுக்கும் இணைப்பு) ஓடிய மணிநேரம். மொத்தக் கிலோமீட்டரை மொத்த மணிநேரத்தால் வகுத்துப் பாருங்கள். 9,00,000 கிலோமீட்டர், 15,000 மணிநேரம் என்றால் சராசரி 60. அது நெடுஞ்சாலை வண்டி. 4,50,000 கிலோமீட்டர், அதே 15,000 மணிநேரம் என்றால் சராசரி 30. அது வரிசையில் நின்றும், பெட்டியைத் தூக்கியும், மேடு பள்ளத்தில் ஊர்ந்தும் கழிந்த வாழ்க்கை. விளம்பரத்தில் இரண்டாவது வண்டி பாதிதான் ஓடியதாகத் தெரியும், அதற்கே கூடுதல் விலையும் கேட்பார்கள். இன்ஜினைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வயது, கிளட்சையும் பின் அச்சையும் பொறுத்தவரை இரண்டாவதுதான் கிழம்.

## ஃபில்டர் சுத்திகரிப்பு விளக்கு அடிக்கடி எரிகிறது

டீசல் துகள் ஃபில்டரில் சேரும் கரியை எரித்துச் சுத்தம் செய்ய, புகைக்குழாய் போதிய அளவு சூடாக வேண்டும். ஐடிலில் நிற்பதும் குறுகிய தூர ஓட்டமும் அந்தச் சூட்டைத் தராது என்பதால், டிப்பர் வேலையில் இந்த விளக்கு அடிக்கடி வருவதற்கு வேலையின் தன்மையே காரணமாக இருக்கலாம். நெடுஞ்சாலையில் பாரத்தோடு ஒரு மணி நேரம் ஓட்டினால் அணைகிறதா என்று பாருங்கள்.

அணையாவிட்டால் அடைத்த சென்சார் குழாய்கள், வெப்ப சென்சார்கள் ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். ஃபில்டரில் சேர்ந்த சாம்பல் எரியாது. அதைக் கழற்றி இயந்திரத்தில் சுத்தம் செய்ய வேண்டும். சுத்தம் செய்த சில நாள்களிலேயே விளக்கு திரும்பி வந்தால் ஃபில்டரைக் குறை சொல்லிப் பயனில்லை, மேலே இருந்து கரியோ ஆயிலோ அதிகமாக வருகிறது. ஒழுகும் இன்ஜெக்டர், ஆயில் விடும் டர்போ, தேய்ந்த ரிங், ஓட்டையான ஈ.ஜி.ஆர். கூலர் என்று தேட வேண்டும். யூரியா திரவம் ஊற்றும் அமைப்புள்ள வண்டியில் அதன் பம்பும் தெளிப்பானும் படிகமாகி அடைபடுவது தனிக் கதை. டேங்க் மூடியைச் சுற்றியும் தெளிப்பானைச் சுற்றியும் வெள்ளைப் படிகம் இருந்தால் அந்த நிறுவனத்தின் மென்பொருள் உள்ள பட்டறையில் சோதிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

## சேஸில் துருக்கோடு, புதுப் பெயின்ட், அல்லது வெல்டிங் தெரிகிறது

இந்தப் பகுதிக்கு நேரம் ஒதுக்குங்கள். இன்ஜினை மாற்றிவிடலாம், சேஸ் போன லாரியைத் திருத்தி மீண்டும் டிப்பர் டிரெய்லரில் நம்பிக் கட்டுவது அரிது. பெட்டி மேலே போகும்போது பாரம் முழுவதும் உயர்ந்து, சமமில்லாத தரையில் பக்கவாட்டில் இழுக்க, அந்தத் திருகலைத் தாங்குவது சேஸும், டிரெய்லரைப் பூட்டும் தட்டான ஃபிஃப்த் வீலும்தான்.

ஃபிஃப்த் வீல் பொருத்திய ஆங்கிள்களின் போல்ட் துளைகள், பின் சஸ்பென்ஷன் ஹேங்கர்கள், குறுக்குச் சட்டங்களின் மூலைகள், கேபினுக்குப் பின்னால் சேஸின் கீழ் விளிம்பு ஆகிய நான்கு இடங்களிலும் கம்பி பிரஷ் போட்டுத் தேயுங்கள்.

பெயின்ட்டுக்கு மேல் பரவலாகத் தெரியும் துரு வெறும் மேல்துருவாக இருக்கும், தேய்த்தால் போய்விடும். போல்ட் தலையைச் சுற்றிச் சிவந்த பொடி வழிந்து, நடுவில் உலோகம் பளபளத்தால் அந்த இணைப்பு ஆடுகிறது. துளை நீள்வட்டமாகாத வரை புது போல்ட் போட்டு, சொல்லப்பட்ட அளவுக்கு இறுக்கினால் போதும். இரட்டைச் சேஸ் உள்ள வண்டியில் இரண்டு தகடுகளுக்கும் நடுவில் துரு ஊதி, தகடு வெளியே புடைத்திருந்தால் செலவு ஏறுகிறது. துளையிலிருந்து அல்லது விளிம்பிலிருந்து தொடங்கி மெல்லிய கோடாகத் துரு கசிந்தால் அது விரிசல். கண்ணுக்கு உறுதியாகத் தெரியாத இடத்தில் நிறமி ஊற்றி விரிசல் பார்க்கும் வல்லுநரை வரவழைக்கலாம்; அதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

வெல்டிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய இழுவை லாரிகள் பலவற்றின் சேஸ் வெப்பப் பதம் ஏற்றிய எஃகு; சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். விளிம்பில் துளையிடாதே, வெல்ட் செய்யாதே என்று சேஸிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். எனவே, விளிம்பில் குறுக்காக ஓடும் வெல்டிங் தையல் இருந்தால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் அந்த வண்டியை வாங்கச் சொல்வதில்லை. அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தாலும் அதையேதான் நினைப்பேன்.

## வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது

சமதளத்தில் நிறுத்தி, நான்கு மூலைகளிலும் சேஸிலிருந்து தரை வரை அளந்து சாக்பீஸால் எழுதுங்கள். டயர் காற்றும் டயர் அளவும் இரு பக்கமும் ஒன்றா என்பதே முதல் கேள்வி. காற்றுப் பை சஸ்பென்ஷனில், உயரம் காக்கும் வால்வின் கம்பி வளைந்திருந்தாலே சாயும். பைகளில் சோப்புத் தண்ணீர் தெளித்துக் கசிவையும் பாருங்கள். பட்டை சஸ்பென்ஷனில் உடைந்த பட்டை, தேய்ந்த புஷ், வெடித்த ஹேங்கர் என்று போக வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் சாய்ந்தால் சேஸ் முறுக்கியிருக்கிறது. அளந்து சொல்லும் அலைன்மென்ட் பட்டறைக்கு அனுப்புங்கள்.

யாரையாவது ஓட்டச் சொல்லிப் பின்னால் வேறு வண்டியில் தொடர்ந்து வாருங்கள். பின் சக்கரங்கள் முன் சக்கரங்களின் தடத்திலிருந்து விலகி நண்டுபோல் ஓடினால் டார்க் ராடு (அச்சைச் சேஸோடு பிணைக்கும் தண்டு) புஷ், அச்சு அலைன்மென்ட், சேஸ் என்ற வரிசையில் காரணம் தேடலாம்.

காற்றுப் பை உள்ள வண்டியை டிப்பர் டிரெய்லருக்கு எடுப்பதானால், பைகளிலிருந்து காற்றை இறக்கிவிடும் சுவிட்ச் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று பாருங்கள். காற்றை இறக்கிவிட்டுப் பெட்டியைத் தூக்கினால் பின்பகுதி கீழே அமர்ந்து ஆட்டம் குறையும். லாரியும் டிரெய்லரும் ஒரே நேர்கோட்டில், சமமான உறுதியான தரையில் நின்று கொட்டுவது இதைவிட முக்கியம்.

## கோத்து நகர்த்தும்போது ஃபிஃப்த் வீலில் தட்டுகிறது

டிரெய்லர் பிரேக்கைப் பிடித்துவிட்டு லாரியை மட்டும் முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, மற்றொருவரை ஃபிஃப்த் வீலைப் பார்க்கச் சொல்லுங்கள். பூட்டின் இடைவெளியைச் சரி செய்யும் திருகு பல மாதிரிகளில் உண்டு, அதிலேயே முடியலாம். அடுத்து தாடைகளும் பக்கப் புஷ்களும் தேய்ந்திருக்கலாம், அவற்றுக்கு மாற்றுப் பாகத் தொகுப்பு கிடைக்கும். மேல் தகடு வெடித்திருந்தால் முழுவதையும் மாற்ற வேண்டும். ஃபிஃப்த் வீலில் பூட்டிக்கொள்ளும் டிரெய்லரின் கிங் பின் தேய்ந்திருந்தாலும் இதே தட்டல் வரும் என்பதால், அதையும் உரிய கேஜ் வைத்து அளக்காமல் லாரியைக் குறை சொல்லாதீர்கள்.

## பெட்டி மெதுவாக ஏறுகிறது, அல்லது ஏறவில்லை

இயன்றால் நீங்கள் இழுக்கப் போகும் டிரெய்லரையே கொண்டுபோய்க் கோத்துச் சோதியுங்கள். வெறும் பெட்டி தூக்குவதை மட்டும் பார்த்து வாங்கி, முதல் பாரத்திலேயே மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

வெறும் பெட்டியும் மெதுவாகவே ஏறினால் எண்ணெய் போதிய அளவு பாயவில்லை. ஹைட்ராலிக் டேங்கின் அளவை, பெட்டியைத் தூக்கும் ஜாக்கி முழுவதும் இறங்கிய நிலையில் பாருங்கள். குழாய் இணைப்புக் கப்ளர் முழுவதும் உட்காராவிட்டால் உள்ளிருக்கும் வால்வு பாதிதான் திறக்கும். நான் பார்த்தவற்றில் அடிக்கடி வந்தது இதுதான், கழற்றித் துடைத்து மாட்டினால் தீர்ந்துவிடும். உறிஞ்சு குழாயின் வால்வு பாதி மூடியிருப்பது, ஃபில்டர் அடைபட்டிருப்பது, பி.டி.ஓ. முழுவதும் பிடிக்காதது ஆகியவை அடுத்தவை.

வெறும் பெட்டி சரியாக ஏறி, பாரத்தோடு மட்டும் திணறினால் அழுத்தம் போதவில்லை. மிகை அழுத்தத்தை வடித்துவிடும் ரிலீஃப் வால்வில் அழுக்கு சிக்கியிருக்கலாம், அல்லது பம்ப் தேய்ந்திருக்கலாம். இதைப் பிரஷர் கேஜ் வைத்து ஹைட்ராலிக் மெக்கானிக் அளக்க வேண்டும். ரிலீஃப் வால்வின் திருகைக் கூட்டிப் பாரத்தைத் தூக்கிக் காட்டுகிறேன் என்று யார் சொன்னாலும் அனுமதிக்காதீர்கள். அழுத்தம் தாங்காமல் குழாய் வெடித்தால் பெட்டி அப்படியே விழும்.

பம்ப் அலறினால் அது காற்றையோ வெற்றிடத்தையோ விழுங்குகிறது. உறிஞ்சு குழாய் உள்ளுக்குள் சப்பிப் போயிருக்கிறதா, இணைப்பு தளர்ந்திருக்கிறதா, டேங்கில் நுரை இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றைச் சரி செய்த பிறகும் சத்தம் நிற்காவிட்டால் பம்ப் ஏற்கெனவே சேதமாகிவிட்டது.

தூக்கி நிறுத்திய பெட்டி தானாக இறங்குகிறதா என்று தள்ளி நின்று பாருங்கள். எண்ணெய் அழுத்தத்தால் ஏறித் தன் எடையால் இறங்கும் அடுக்கு ஜாக்கியில் சீல் போயிருந்தால் எண்ணெய் வெளியே வழியும். வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் இறங்கினால் கட்டுப்பாட்டு வால்வு உள்ளுக்குள் விடுகிறது.

லாரியில் பி.டி.ஓ.வே இல்லையென்றால் பிறகு பொருத்திக்கொள்ளலாம் என்ற விற்பவரின் சொல்லை நம்பும் முன், கியர் பாக்ஸில் அதற்கான வாய் இருக்கிறதா, அந்த இடத்தில் வேறு குழாயோ பிராக்கெட்டோ மறைக்கிறதா, தானியங்கி கியர் பாக்ஸ் என்றால் மென்பொருளில் பி.டி.ஓ. அனுமதியைத் திறக்க முடியுமா என்று கியர் பாக்ஸ் வல்லுநரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். பி.டி.ஓ. ஏற்கெனவே இருந்தால், அது பிடித்திருப்பதைக் காட்டும் விளக்கோ பஸரோ வேலை செய்ய வேண்டும். பி.டி.ஓ.வை விடுவிக்க மறந்து நெடுஞ்சாலையில் ஓட்டினால் பம்ப் கொதித்து இறுகிவிடும்; பெட்டியும் மேலே எழக்கூடும்.

## கிளம்பும்போது தட்டல், ஓடும்போது அதிர்வு அல்லது ஊளை

சக்கரங்களுக்கு நன்றாகக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, இன்ஜினை நிறுத்திவிட்டு, கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்ட்டைக் கையால் முறுக்கிப் பாருங்கள். ஜாயின்ட் கிராஸில் ஆட்டம் தெரிந்தாலோ, சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்திருந்தாலோ சிறு செலவு. அடுத்தது டார்க் ராடு புஷ்கள். நெம்புகோல் வைத்து அசைத்தால் தெரியும். இவை சரியாக இருந்தும் தட்டினால் டிஃபரன்ஷியலில் இடைவெளி கூடியிருக்கிறது.

குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஊளையிட்டால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது வருகிறதா, விடும்போது வருகிறதா என்று குறித்துக்கொண்டு மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். டிஃபரன்ஷியலின் கிரவுன் பல்சக்கரமா, அதைச் சுழற்றும் பினியனின் பேரிங்கா என்று பிரிக்க அது உதவும். டிஃபரன்ஷியலின் வடிகால் திருகில் உள்ள காந்தத்தைத் துடைத்துப் பாருங்கள். மாவுபோல் நைந்த பொடி இயல்பு. நகத்தில் தட்டுப்படும் சில்லுகள் இருந்தால் பிரித்தே ஆக வேண்டும்.

இரண்டு பின் அச்சுகளையும் இணைக்கும் லாக்கைக் குறைந்த வேகத்தில், நேராக, தளர்ந்த மண்ணில் போட்டுப் பாருங்கள். சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்போது போடக் கூடாது. பிடிக்கவில்லையென்றால் சுவிட்ச், காற்றுக் குழாய், உள்ளே உள்ள ஃபோர்க் என்ற வரிசை. சேற்றில் ஒரு அச்சை மட்டும் வெறிபிடித்தாற்போல் சுழல விட்ட வண்டிகளில் நடு டிஃபரன்ஷியல் எரிந்துபோயிருக்கும், பழுது பெரிது.

ஓட்டி வந்ததும் ஒவ்வொரு ஹப்பின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்தபடியே ஓடுகிறது, அல்லது பேரிங் போகிறது.

## காற்று அழுத்தம் நிற்கவில்லை

பிரேக்குக்கான ஏர் டேங்க் நிரம்பியதும் இன்ஜினை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துப் பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, மிதியை அழுத்திப் பிடித்து, முதல் இறக்கம் நின்ற பிறகு ஒரு நிமிடம் கேஜைக் கவனியுங்கள். லாரி மட்டும் என்றால் 3 பி.எஸ்.ஐ.க்கு மேலும், டிரெய்லரோடு என்றால் 4 பி.எஸ்.ஐ.க்கு மேலும் குறையக் கூடாது என்பது பல ஓட்டுநர் தேர்வுகளில் கேட்கப்படும் அளவு. கப்ளிங் ரப்பர், குழாய், வால்வு, பிரேக் சேம்பர் என்ற வரிசையில் சோப்புத் தண்ணீரால் தேடலாம். பிறகு மிதியை விட்டுவிட்டு அழுத்தி அழுத்திக் காற்றைக் குறையுங்கள். சுமார் 60 பி.எஸ்.ஐ.யில் எச்சரிக்கை ஒலிக்க வேண்டும். ஏர் டேங்கின் வடிகாலைத் திறந்தால் ஆயில் கலந்து வந்தால் டிரையரும் கம்பிரசரும் பார்க்கப்பட வேண்டியவை. சேம்பருக்குள் இருக்கும் ஸ்பிரிங் உயிர் பறிக்கும் விசை கொண்டது. அதைப் பிரிக்கும் வேலையை பிரேக் பட்டறைக்கே விடுங்கள்.

## முன் சக்கரத்தில் ஆட்டம்

ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் போட்டதும் ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் அச்சின் கிங் பின். இடமும் வலமும் ஆட்டும்போது மட்டும் தெரிந்தால் டை ராடு எண்டு.

## குறை எதுவும் இல்லை, ஆனால் வேலைக்கு ஒத்துவரவில்லை

வாங்கி மூன்று மாதம் கழித்து வரும் புகார் இது. கியர் விகிதம்தான் முதல் சந்தேகம். பின் அச்சின் தகட்டில் இருக்கும் எண்ணைப் பாருங்கள், 2.6-ஐ ஒட்டிய விகிதம் நெடுஞ்சாலையில் டீசலை மிச்சப்படுத்த வந்தது, 3.7 முதல் 4.1 வரையிலானது பாரத்தோடு மண்ணிலிருந்து கிளம்ப வந்தது. முதல் கியர் எவ்வளவு குறைவு என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழுக் கணக்கு வரும். கிளம்பும்போதெல்லாம் கிளட்ச் வாடை வந்தால் கிளட்சை மட்டும் மாற்றிப் பயனில்லை. விகிதத்தை மாற்ற இரண்டு அச்சுகளிலும் கிரவுன், பினியன் மாற்ற வேண்டும், மென்பொருளிலும் திருத்த வேண்டும்.

மற்றொன்று வண்டியின் சொந்த எடை. டன் கணக்கில் கூலி வாங்குபவருக்கு லாரியில் கூடும் ஒவ்வொரு கிலோவும் பெட்டியில் குறையும் கிலோ. படுக்கை வைத்த நீண்ட கேபின், கூடுதல் டேங்குகள் எல்லாம் நெடுந்தூர ஓட்டத்துக்குப் பொருத்தமானவை. அன்றாடம் வீடு திரும்பும் டிப்பர் வேலையில் அவை ஒவ்வொரு நடையிலும் சுமக்கும் வெறும் பாரம். விலை பேசி முடிக்கும் முன், டேங்குகளை நிரப்பி, ஓட்டுநர் உள்ளே அமர்ந்த நிலையில், டிப்பர் டிரெய்லரையும் கோத்து, எடை மேடையில் ஏற்றி ஒவ்வொரு அச்சையும் தனித்தனியாக எடை போட்டுப் பாருங்கள். அந்தச் சாலையில் அனுமதிக்கப்பட்ட எடையிலிருந்து இந்த எண்ணைக் கழித்தால் வருவது ஒரு நடைக்கு நீங்கள் ஏற்றக்கூடிய பாரம். முன் அச்சோ பின் அச்சோ தனியாக வரம்பைத் தாண்டினால் ஃபிஃப்த் வீலை முன்னோ பின்னோ நகர்த்த இடம் இருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.